போன மாசத்து ‘நாளைக்கு’

(மளிகைக்கடை. பத்தாம் வகுப்புப் பையன் கையில் கிராமர் நோட்டு. அண்ணாச்சி கையில் பாக்கி நோட்டு. இரண்டில் எது தடிமன் என்று சொல்லத் தேவையில்லை.)

அண்ணாச்சி: ஏல தம்பி, உங்கப்பா பாக்கி 1,840 ரூவா என்னாச்சு?

பையன்: நாளைக்குத் தரேன்னு சொன்னாரு அண்ணாச்சி.

அண்ணாச்சி: இதத்தாம்ல போன மாசமும் சொன்ன.

பையன்: அதே ‘நாளைக்கு’தான். நாம பேசுற தமிழ்ல, ஒருத்தர் சொன்னதை அப்படியே வெச்சு ‘னு சொன்னாரு’ன்னு முடிச்சிடலாம். இங்கிலீஷ்ல விட மாட்டாங்க. ஒருத்தர் சொன்னதைத் திருப்பிச் சொல்றதுக்கு ‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’னு தனி கிராமரே இருக்கு. ‘செட்’னு ஆரம்பிச்சா ‘வில்’ போய் ‘வுட்’ வரும், ‘டுமாரோ’ போய் ‘தி நெக்ஸ்ட் டே’ வரும். ‘ஹி செட் தட் ஹி வுட் பே தி நெக்ஸ்ட் டே.’

அண்ணாச்சி: நெக்ஸ்ட் டேன்னா, எதுக்கு நெக்ஸ்ட்டு?

பையன்: சொன்ன நாளுக்கு மறுநாள்.

அண்ணாச்சி: (நோட்டைப் புரட்டி) சொன்னது போன மாசம் 3-ந்தேதி. அப்ப 4-ந்தேதியே கெடு முடிஞ்சிட்டு! வெள்ளக்காரன் கடன் குடுத்துப் பழகுனவன்ல. இனிமே இந்த நோட்ட இங்கிலீஷ்லதான் எழுதணும்.

பையன்: (பதறி) ‘வுட்’னா தந்துட்டாருன்னு அர்த்தமில்ல அண்ணாச்சி!

அண்ணாச்சி: அது எனக்குத் தெரியாதாக்கும். ஆமா, உங்க கிராமர்ல எல்லாமே மாறிக்கிட்டே இருக்குமால?

பையன்: யுனிவர்சல் ட்ரூத் மட்டும் மாறாது. பூமி சூரியனைச் சுத்துதுன்னு டீச்சர் சொன்னாங்கன்னா, ‘மூவ்ஸ்’ ‘மூவ்ஸ்’தான்.

அண்ணாச்சி: உங்கப்பா ‘நாளைக்குத் தரேன்’ங்காருல்லா, அதையும் அதுக்குப் பக்கத்துல எழுதிக்கோ.

பையன்: சொன்னதே பாஸ்ட் டென்ஸா இருந்தா இன்னும் ஒரு படி பின்னால போகணும். இதோ, வீட்ல நடந்ததையே ஹோம்வொர்க்ல எழுதியிருக்கேன். ‘ஐ பெய்ட் தி ஷாப்கீப்பர்’னு அப்பா அம்மாகிட்ட சொன்னாரா? அதை, ‘ஹி டோல்ட் ஹெர் தட் ஹி ஹேட் பெய்ட்…’

அண்ணாச்சி: இரு, இரு. யாருக்குல பெய்ட்டு?

பையன்: அது… சும்மா எடுத்துக்காட்டு அண்ணாச்சி.

அண்ணாச்சி: துட்டு எடுத்துக் குடுத்தது யாரு?

பையன்: அம்மா. (நாக்கைக் கடித்துக்கொண்டு) ஷி ஹேட் கிவன்.

அண்ணாச்சி: நேரா வீட்டுக்குப் போ. ‘துட்டு வந்து சேரல, அனுப்புங்க’ன்னு அண்ணாச்சி சொன்னாருன்னு அம்மாகிட்ட சொல்லு.

பையன்: ‘அனுப்புங்க’ன்னா அதுக்கு ‘செட்’ போடக் கூடாது அண்ணாச்சி. ‘ஆர்டர்ட்’, ‘வார்ன்ட்’, ‘ரிக்வெஸ்டெட்’ இதுல ஒண்ணைப் போட்டு, அப்புறம் ‘டு சென்ட்’. எதைப் போட?

அண்ணாச்சி: வார்ன்ட் போடு. காட்டமா இருக்கட்டும்.

பையன்: அம்மாகிட்டயா?

(அண்ணாச்சி தராசைப் பார்க்கிறார். போன வாரம் பருப்பு எடை குறைந்ததென்று அம்மா இதே வாசலில் நின்று பேசியது தெரு முழுக்கத் தெரியும்.)

அண்ணாச்சி: ரிக்வெஸ்டெட்னே போட்டுரு. ப்ளீஸ்னு சேத்துக்கோ.

பையன்: ரிப்போர்ட்டட் ஸ்பீச்ல ‘ப்ளீஸ்’ நிக்காது அண்ணாச்சி. எடுத்துடணும்.

அண்ணாச்சி: அத மட்டும் எடுக்காதல! மார்க் போனாப் போவுது, ரெண்டு ப்ளீஸாப் போடு.