‘நோ ஃபென்சஸ்’: கார்த் புரூக்ஸ் மாற்றாமல் விட்டதுதான் பெரிது

கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசையில் வேர்விட்ட பாணி) பாடகர் ஒருவரின் இரண்டாவது ஆல்பம் வந்தால், முதல் ஆல்பத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்றுதான் பலரும் அளக்கிறார்கள். இந்த அளவுகோலில் எனக்கு உடன்பாடே இல்லை. 1990 ஆகஸ்ட் 27 அன்று வந்த, அமெரிக்கப் பாடகர் கார்த் புரூக்ஸின் இரண்டாவது ஆல்பமான ‘நோ ஃபென்சஸ்’ ஒன்று போதும், அது தப்புக் கணக்கு என்று காட்ட.

முதல் ஆல்பம் 1989 ஏப்ரலில் வந்தது. அதிலிருந்து கடைசி சிங்கிளாக (தனியே வெளியிடும் பாட்டு) வந்த ‘தி டான்ஸ்’ 1990 கோடையில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த நேரத்தில் பெரிய ஸ்டூடியோ, புதுத் தயாரிப்பாளர் என்று தாவியிருக்கலாம். அவர் தாவவில்லை. அதே தயாரிப்பாளர் ஆலன் ரெய்னால்ட்ஸ், அதே ஒலிப்பொறியாளர் மார்க் மில்லர், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் அதே ‘ஜாக்ஸ் டிராக்ஸ்’ ஸ்டூடியோ. வாசித்தவர்களும் அதே ஏழு பேர்தான்: அக்கூஸ்டிக் கிட்டாரில் மார்க் காஸ்டீவன்ஸ், எலெக்ட்ரிக்கில் கிறிஸ் லூசிங்கர், பெடல் ஸ்டீலில் புரூஸ் பௌட்டன், ஃபிடிலில் ராப் ஹஜாகோஸ், பேஸில் மைக் சாப்மன், கீபோர்டில் பாபி வுட், டிரம்ஸில் மில்டன் ஸ்லெட்ஜ்.

இது ஏன் முக்கியம்? நாஷ்வில்லில் ஒரு ஒலிப்பதிவு செஷன் என்பது வழக்கமாக மூன்று மணி நேரம். வாசிப்பவர்கள் டெமோவை (பாட்டின் மாதிரிப் பதிவு) ஒரு முறை கேட்டு, கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) எண்களாகத் தாளில் குறித்துக்கொண்டு, உடனே உட்கார்ந்துவிடுவார்கள். ஆதாரக் கார்டு 1, மற்றவை அதிலிருந்து எண்ணி 4, 5 என்று எழுதுவதால், பாடகர் அரைச் சுரம் இறக்கச் சொன்னாலும் தாளை மாற்ற வேண்டாம். நம் பாட்டில் சுருதி மாறினாலும் ஸ்வரம் மாறாதே, அதே கணக்கு. அந்த மூன்று மணி நேரத்தில் புது ஆட்கள் என்றால், பாடகர் எங்கே மூச்சு விடுவார், எந்த வரியை இழுப்பார் என்று பிடிபடவே பாதி நேரம் போய்விடும். பழகிய கூட்டத்துக்கு எந்த இடத்தில் வாசிக்கக் கூடாது என்பதும் தெரியும். இரண்டாவது ஆல்பங்கள் பலவற்றில் எல்லா வாத்தியமும் எல்லா இடத்திலும் ஒலித்து, பாட்டு மூச்சு முட்டுவதற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

‘ஃப்ரெண்ட்ஸ் இன் லோ ப்ளேசஸ்’ பாட்டையே எடுங்கள். எழுதியவர்கள் ட்வெய்ன் பிளாக்வெல், ஏர்ல் பட் லீ. பிரபலமாகும் முன் இதற்கு டெமோ பாடிக் கொடுத்த கார்த், பாட்டை மறக்காமல் வைத்திருந்து இந்த ஆல்பத்துக்குக் கொண்டுவந்தார். கிட்டார் பிடிப்பவர்கள் இதன் முதல் வரியிலேயே சறுக்குவதை அடிக்கடி பார்க்கலாம். ஏ மேஜரிலிருந்து நேரே பி மைனருக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் ஏ ஷார்ப் டிமினிஷ்ட் என்ற கார்டு இருக்கிறது. பேஸ் ஏ, ஏ ஷார்ப், பி என்று அரை அரைச் சுரமாக ஏற, அந்த நழுவலில்தான் பாட்டில் வரும், விருந்துக்கு அழையாமல் வந்து நிற்பவனின் தோரணையே இருக்கிறது. பிடிப்பதும் கஷ்டமில்லை: ஐந்தாம் தந்தியில் முதல் ஃப்ரெட், நான்காம் தந்தியில் இரண்டாவது, இரண்டாம் தந்தியில் இரண்டாவது, மூன்றாம் தந்தியும் முதல் தந்தியும் திறந்தபடி. ஆறாம் தந்தி ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் அந்த ஏற்றம் காதில் விழாது.

பாடுபவர்களுக்கு வேறு சிக்கல். சரணம் பேச்சு போலக் கீழே கிடக்கும். பல்லவியில் ‘லோ’ என்ற சொல்லில் மெட்டும் கீழே இறங்கும். வசதிக்காகச் சுருதியை ஏற்றினால் அந்த இறக்கத்தின் கனம் போய்விடும். ஏற்றாமல் பழகுவதே நல்லது. கடைசியில் கூடவே கத்திப் பாடும் கூட்டம், ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்த நண்பர்கள். தேய்த்து மெருகேற்றாமல் அப்படியே விட்டதால்தான் அது மதுக்கடைக் கூட்டமாகவே கேட்கிறது.

அடுத்தது ‘தி தண்டர் ரோல்ஸ்’. பாட் ஆல்ஜரும் கார்த்தும் எழுதியது. முதலில் டான்யா டக்கர் பதிவு செய்தார். அது அப்போது வெளிவரவில்லை. மனைவி துப்பாக்கியை எடுக்கும் ஒரு சரணம் இதற்கு உண்டு. ஆல்பத்தில் அது இல்லை. வேறொருத்தியோடு இருந்துவிட்டுக் கணவன் வீடு திரும்புகிறான், மனைவியின் கண்ணில் மின்னல் தெரிகிறது, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்குப் புரிகிறது. அங்கேயே நிறுத்திவிட்டார்கள். கைவசம் இருக்கும் நல்ல சரணத்தை வெட்டுவதற்குத் தைரியம் வேண்டும், அதுவும் இரண்டாவது ஆல்பத்தில். வெட்டிய சரணத்தை 1998இல் வந்த ‘டபுள் லைவ்’ மேடைப் பதிவில் கேட்கலாம்; எனக்கு ஆல்பத்தில் உள்ளதே பிடிக்கும். 1991இல் இதன் வீடியோ குடும்ப வன்முறையைக் காட்டியதற்காக டிஎன்என், சிஎம்டி என்ற இரண்டு கன்ட்ரி இசைச் சேனல்களும் ஒளிபரப்பை நிறுத்தின. அதே ஆண்டு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அதற்குச் சிறந்த வீடியோ விருதும், ‘நோ ஃபென்சஸ்’க்குச் சிறந்த ஆல்பம் விருதும் கொடுத்தது.

பத்துப் பாட்டும் உச்சம் என்று சொல்ல மாட்டேன். ‘மிஸ்டர் ப்ளூ’ 1959இல் ஃப்ளீட்வுட்ஸ் பாடிய பழைய பாப் பாட்டு. இங்கே அழகாகத்தான் பாடியிருக்கிறார், ஆனால் ஒன்பதாவது இடத்தில் அது வேகத்தைக் குறைக்கிறது.

கேட்க நினைப்பவர்களுக்கு: ஸ்பாட்டிஃபையில் தேடினால் வேறு யாராவது பாடிய நகல்கள்தான் வரும், ஏமாறாதீர்கள். கார்த் தன் பாடல்களை 2016 முதல் அமேசான் மியூசிக்கில்தான் கொடுத்திருக்கிறார். சிடி கிடைத்தால் அது இன்னும் நல்லது, வரிசை மாற்றாமல் கேளுங்கள். கடைசிப் பாட்டான ‘வுல்வ்ஸ்’ வரை போங்கள். ஸ்டெஃபனி டேவிஸ் எழுதியது. நிலத்தை இழந்து ஊரை விட்டுப் போகும் விவசாயக் குடும்பத்தைப் பற்றியது. நான்கு சிங்கிள்கள் முதலிடம் பிடித்த ஆல்பத்தில் இந்தப் பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.