அந்தப் புல்வெளி தரிசு இல்லை

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும் அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணம், வைல்டு கோஸ்ட் கடற்கரைப் பக்கம் கோசா இன மக்களின் ஒரு கிராமம். தன்னார்வலர்களாகப் போன நம்ம நீலகிரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி பச்சை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு புல்வெளியில் குழி தோண்டுகிறார்கள். ஒரு பாட்டி கையில் மரக்கன்றைத் திணித்துப் படம் எடுக்கிறார்கள். “தரிசு நிலத்துக்கு உயிர் கொடுத்தோம், இவர்களுக்கு மரத்தின் அருமையைச் சொல்லிக்கொடுத்தோம்” என்று கீழே எழுதியிருக்கிறார்கள்.

அது தரிசு இல்லை. ஊர் மாடுகள் மேயும் பொதுப் புல்வெளி. அங்கே குழி தோண்டும் முன்னால் ஊரைக் கேட்டீர்களா?

நான் கோத்தகிரியில் வளர்ந்தவள். நம்ம மலையின் புல்வெளிகளையும் வெள்ளைக்காரன் இப்படித்தான் சும்மா கிடக்கும் நிலம் என்று எழுதிவைத்தான். தோடர்களின் எருமை மேய்ந்த இடத்தில் சீகையும் (வாட்டில் மரம், சீகைக்காய் இல்லை) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டான். அதன் விளைவை இன்றைக்கும் அனுபவிக்கிறோம். அந்த மண்ணிலிருந்து போனவர்களே இன்னொரு ஊரின் புல்வெளியைத் தரிசு என்று சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2017இல் அதே கடற்கரையில் ஆறு வாரம் தன்னார்வலராக இருந்தேன். எங்களுக்குக் கொடுத்த வேலை சீகை வெட்டுவது. ஆமாம், அதே சீகை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தோல் பதனிடும் பட்டைக்காக நட்டு, பிறகு ஓடைக்கரை முழுக்கப் பரவித் தண்ணீரைக் குடிக்கிற மரம். சரியான வேலை என்று முழுமனதோடு நம்பி இறங்கினேன். மூன்றாவது வாரம், நான் தங்கியிருந்த வீட்டு மக்குலு (அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை உட்காரவைத்துக் கேட்டார்: “குளிர்காலத்துக்கு விறகு எங்கே பொறுக்குவேன், மகளே?” அடுப்பு விறகு, கூரைக் கழி, மாட்டுப்பட்டி வேலி எல்லாமே அவருக்கு அந்தச் சீகைதான். ஊற்றுக்கண் பக்கம் இருப்பதை வெட்டு, மேட்டில் இருப்பதை விடு என்று அவரே சொன்னார். எவ்வளவு தெளிவான யோசனை! அதுவரை நாங்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேட்டுப் பக்கம் பாதியை அதற்குள் வெட்டிவிட்டோம். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

“நீங்களும்தானே போனீர்கள், படம் போட்டீர்கள்” என்று சிலர் வருவார்கள். போனேன், போட்டேன். தப்பு செய்தேன் என்று அதனால்தான் சொல்கிறேன். “அப்போ யாருமே போகக் கூடாதா?” போங்கள். ஊரைக் கேட்டுவிட்டுப் போங்கள். “மரம் நட்டால் நல்லதுதானே?” என்ற கேள்விக்கு இனி என்னிடம் பொறுமை இல்லை. மேய்ச்சல் புல்லில் நட்டால் நல்லது இல்லை. அவ்வளவுதான்.

இன்னொன்றை யாருமே பேசுவதில்லை. அந்த நாட்டில் இந்தச் சீகை மாதிரி அந்நியச் செடிகளை அகற்ற 1995இலிருந்து அரசுத் திட்டமே இருக்கிறது. வேலையில்லாத உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்யும் வேலை அது. ஈஸ்டர்ன் கேப்பில் வேலை கிடைக்காமல் இளைஞர்கள் ஊர்விட்டு ஊர் போகிறார்கள். நாம் விமானம் ஏறிப் போய், பணமும் கட்டி, அதே வேலையை இலவசமாகச் செய்துவிட்டு வருகிறோம். அது யாருடைய கூலி?

மண்ணைக் காப்பாற்ற வந்தோம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை அந்தக் கடற்கரை மக்கள் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. மண் அரிக்கிறது, மாடு அதிகம் என்று சொல்லித்தான் வெள்ளை அரசு பெட்டர்மென்ட் திட்டம் கொண்டுவந்தது. குடும்பங்களைப் பிடுங்கி வரிசை வரிசையாகக் குடியேற்றியது, வேலி போட்டது, மாடுகளைக் குறைக்கச் சொன்னது. 1913 நிலச் சட்டத்தால் கறுப்பின மக்களை ஒரு துண்டு நிலத்தில் நெருக்கிவிட்டுப் பழியை மாட்டின்மேல் போட்டார்கள். எதிர்த்துக் கூடிய, அதே கடற்கரையின் ம்பொண்டோ மக்களை 1960 ஜூன் 6 அன்று ங்குசா குன்றில் போலீஸ் சுட்டது. பதினொரு பேர் செத்தார்கள். இந்த மக்களுக்கா மண்ணின் அருமை தெரியாது?

அதே கடற்கரையின் வடக்கே கோலோபெனியில் டைட்டானியம் சுரங்கத்தை எதிர்த்த சிகோசிஃபி ராடெபேயை 2016இல் அவர் வீட்டுக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். ஊரின் முழுச் சம்மதம் இல்லாமல் சுரங்க உரிமை கொடுக்க முடியாது என்று 2018இல் நீதிமன்றம் சொன்னது. முறையாகக் கலந்து பேசவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, அந்தக் கடலில் எண்ணெய் தேட ஷெல் நிறுவனம் நம்பியிருந்த உரிமையை மக்காண்டா உயர்நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது. மந்திரியே கேட்டாக வேண்டும் என்று உயிரைக் கொடுத்து நிலைநாட்டிய ஜனங்கள். நம்மிடம் அவர்கள் எதிர்பார்ப்பதும் அதே ஒரு கேள்வியைத்தான்.

எனக்கு ரொம்ப வலித்தது அந்தப் பாட்டியின் முகம். அங்கே உழவு, களை என்றால் அக்கம்பக்கத்தார் கூடிச் செய்வார்கள். இலிமா என்று பெயர். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் சாப்பாடு போட்டு, பீர் ஊற்றி அனுப்புவார். என்னையும் ஒரு நாள் கூப்பிட்டார்கள், சோளத்துக்குக் களை எடுத்தேன். முதலில் பெயரைக் கேட்டார்கள், அடுத்து எந்தக் குலம் என்று கேட்டார்கள். குலப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை. எனக்கு ஒன்று இல்லாததால் அந்த மக்குலு தன் குலப்பெயரைக் கொடுத்து, அதைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டார். வீடியோவில் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது, கன்று கொடுத்த நர்சரியின் பெயரும் இருக்கிறது. அந்தப் பாட்டியின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

அவர் பெயர் என்ன என்று அந்தப் பதிவிலேயே இரண்டு தடவை கேட்டேன். இரண்டையும் அழித்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன். அவர் பெயர் என்ன?