செப்டிக் ஷாக்கில் பீட்டா பிளாக்கர்: ஒரு திருத்தம்

கிருமித்தொற்று முற்றி, ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும் செப்டிக் ஷாக்குக்குப் போனவரின் இதயப் படபடப்பை, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்து அடக்கினால் உயிர் பிழைப்பார் என்று ஒருவர் உறுதியாக எழுதியிருப்பது தவறு. 2013-இல் வெளியான, ரோமில் ஒரே மருத்துவமனையில் 154 பேரிடம் எஸ்மொலால் என்ற பீட்டா பிளாக்கரை வைத்து நடந்த ஆய்வில், 28 நாள் இறப்பு மருந்து பெறாதவர்களிடம் 80.5 சதவீதமாகவும் பெற்றவர்களிடம் 49.4 சதவீதமாகவும் இருந்தது உண்மைதான். ஆனால் 2023-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு, லேண்டியோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கரைப் பெற்றவர்களுக்குத் தீங்கு நேரலாம் என்ற அறிகுறி தெரிந்ததால், 126 பேரோடு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ரத்த அழுத்தம் சரிந்த நிலையில், உறுப்புகளுக்கு ரத்தம் போய்ச் சேரப் பலருக்கு அந்த வேகமான துடிப்பே துணை. இரண்டு ஆய்வுகளிலுமே தீவிர சிகிச்சைப் பிரிவில், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ரத்த நாளம் வழியாக அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் மருந்தை ஏற்றினார்கள். ஆகவே, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஆம்புலன்ஸ் இறங்கும் முன் வீட்டிலுள்ள அட்டெனலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையைக் கொடுக்கலாம் என்று தயவுசெய்து யாரும் எண்ண வேண்டாம்; நோயாளி ஏற்கெனவே அதைச் சாப்பிடுபவராக இருந்தால், மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.