பட்டா ஒருவருக்கு, பாடு இன்னொருவருக்கு

அமெரிக்க விவசாய மானியம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாரியாக மானியம் வாங்கியவர்களின் பட்டியலைப் போட்டுவிட்டு, 'விவசாயிகளுக்கு இவ்வளவு கோடி' என்று முடித்துக்கொள்கிறது. வாங்கியவர்கள் எல்லாருமே விவசாயிகளா?

அங்கே 1996 விவசாயச் சட்டம், ஒரு நிலத்தில் முன்பு எத்தனை ஏக்கர் சாகுபடி நடந்தது என்ற பழைய கணக்கை வைத்துப் பணம் கொடுத்தது. இந்த வருஷம் விதைத்தீர்களா என்ற கேள்வியே இல்லை. டெக்சாஸில் எல் காம்போ பக்கம் நெல்வயல்களை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். வீடு கட்டிக் குடிவந்தவருக்கு, புல்லும் மரமும் வளரும் கொல்லைப்புறத்துக்கு நெல் மானியம் போனது! 2006-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' இதை வெளியிட்டது. சும்மா கிடந்தாலும் பணம் வரும் என்றதும் சில நில உரிமையாளர்கள் குத்தகைக்காரர்களையே வெளியேற்றினார்கள். அந்த நேரடிப் பணத்தை 2014-இல் நிறுத்தினார்கள், சரி. ஆனால் பின்னால் வந்த திட்டங்களும் பெரும்பாலும் அதே பழைய ஏக்கர்க் கணக்கில்தான் ஓடுகின்றன. குத்தகைக்கு உழுபவருக்குப் பங்கு உண்டு என்பார்கள். மானியம் ஏறினால் குத்தகையும் ஏறுமே, அதை யார் கணக்குப் பார்ப்பது?

நம்மூர் பி.எம். கிசான் 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். அது கைக்கு வருகிறதா என்று டெல்டாவில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டுரையாளர் அடுத்த முறை பட்டியல் போடும்போது, பணம் வாங்கியவர்களில் வயலில் இறங்குபவர் எத்தனை பேர் என்றும் ஒரு பத்தி சேர்க்கட்டும்.