கெச்சப் தரவில்லையாம், ஒரு நட்சத்திரம்!

எங்கள் அடையாறு பக்கம் இருக்கும் சின்ன இத்தாலிய உணவகத்தைப் பற்றி ஆளாளுக்கு இணையத்தில் எழுதும் விமர்சனங்களைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பீட்சா ஓரம் கருகிவிட்டதாம். ஐயா, அது விறகடுப்பு! நேப்பிள்ஸ் பாணிப் பீட்சா 400 டிகிரிக்கும் மேலான சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்து வருவது. ஓரத்தில் கரும்புள்ளி விழாமல் பவுடர் பூசியா அனுப்புவார்கள்? ஒரு புண்ணியவான் அந்தப் புள்ளிகளை மட்டும் முள்கரண்டியால் சுரண்டி, தட்டோரம் குவித்து, படமும் எடுத்துப் போட்டிருக்கிறார். தடயவியல் துறையில் இருக்க வேண்டியவர்.

பாஸ்தா வேகவில்லையாம். நடுவில் லேசாகக் கடிபட வேண்டும் என்றுதானே அந்தப் பதத்தில் இறக்குகிறார்கள்? குழைந்தே தீர வேண்டுமென்றால் தெருமுனையில் வெண்பொங்கல் கிடைக்கிறதே!

கார்பனாரா பாஸ்தாவில் க்ரீம் போடாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். ரோமில் அதற்கு முட்டை, பெக்கோரினோ சீஸ், பன்றிக் கன்ன இறைச்சி, மிளகு, அவ்வளவுதான். க்ரீம் எங்கிருந்து வந்தது, உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்தா?

அப்புறம் கெச்சப். மார்கெரிட்டா பீட்சாவில் ஏற்கெனவே தக்காளிதான் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு தக்காளிச் சர்க்கரைப் பாகு எதற்கு? தரவில்லை என்றால் ஒரு நட்சத்திரம். ஓரிகானோ பாக்கெட் இல்லை, அதற்கும் ஒன்று. பனீர் டிக்கா பீட்சா இல்லாததெல்லாம் இத்தாலிய ஓட்டலா என்று கேட்டவருக்குத்தான் லைக் குவிகிறது. ஏசி குளிருகிறது, பாத்திரம் சின்னது, வெளியே பார்க்கிங் இல்லை. சரி, அதற்கு டிராமிசு என்ற அந்த இனிப்பு என்ன பாவம் செய்தது?