வகுத்தல் கணக்குக்குப் பெயர் பயண நேரமா?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தொலைவையும் பயண நேரத்தையும் நொடியில் சொல்லிவிடுவதாக மார்தட்டும் கணக்கீட்டுப் பக்கங்களை இனி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு நேரமாகும் என்று அப்படி ஒன்றில் பார்த்தேன். சுமார் 7,800 கிலோமீட்டர், 9 மணி 41 நிமிடம் என்று வந்தது. 41 நிமிடம் வரை எண்ணிச் சொல்பவர்கள் விவரம் தெரியாமலா சொல்வார்கள் என்று நம்பி, போய் இறங்கும் அன்றே ஒரு சந்திப்புக்கும் ஒப்புக்கொண்டுவிட்டேன். பயணச்சீட்டு எடுக்கப் போனால், எங்கும் நிற்காத நேரடி விமானத்துக்கே ஏறத்தாழ 13 மணி நேரம்! சந்திப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி அசடு வழிய மின்னஞ்சல் எழுதியது நான்தான், அந்தப் பக்கத்தை நடத்துபவர்கள் அல்லர்.

2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. அதுவரை சைபீரியாவுக்கு மேலாக ஒன்பது மணி சொச்சத்தில் போய்க்கொண்டிருந்தவை, இப்போது வட துருவத்தை ஒட்டியோ தெற்கே நடு ஆசியா வழியாகவோ சுற்றிக்கொண்டு போகின்றன. உலகமே அறிந்த இந்தச் செய்தி அந்தக் கணக்கீட்டை மட்டும் எட்டவில்லை. எட்டவும் எட்டாது, ஏனென்றால் அங்கே நடப்பது வெறும் வகுத்தல். உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வளைகோட்டை அளந்து, அதை மணிக்கு 850 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், அச்சு அசலாக அதே 41 நிமிடம் வந்தது.

சந்தேகம் முற்றி, ஊர்களின் பெயரை இடம் மாற்றிக் கொடுத்தும் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட மாறவில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வேகக் காற்றோட்டம் ஒன்று இருப்பதையே இவர்கள் கேள்விப்பட்டதில்லையா? லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தொலைவு ஒன்றுதான், சுமார் 5,550 கிலோமீட்டர். ஆனால் மேற்கே போக ஏறக்குறைய எட்டு மணி நேரமும், திரும்பி வர ஏழு மணி நேரமும் என்றுதான் அட்டவணையே இருக்கும். 2020 பிப்ரவரியில் புயற்காற்று பின்னாலிருந்து தள்ள, நியூயார்க்கில் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று ஐந்து மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கியது.

ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நிற்கும் நேரம், இரண்டு ஊர்களின் கடிகார வேறுபாடு (ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் அது கோடையில் 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி) இவையெல்லாம் அவர்கள் கணக்கில் இல்லவே இல்லை. ஆனால் தொலைவை மட்டும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை காட்டுகிறார்கள்!

விமான நிறுவனங்களின் கால அட்டவணை என்ன ஒளித்துவைத்த ரகசியமா? போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு ஒரு நேரம் என்று அதிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துப் போட மனமில்லையென்றால், நேரத்தை விட்டுவிட்டுத் தொலைவை மட்டும் போட்டுத் தொலையட்டும்.