மழையளவை மட்டும் பார்த்தால் போதாது

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் தண்ணீர்ப் பிரச்சினைக்கு மழை குறைந்ததுதான் காரணம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை முடிகிறது. பாதிதான் சரி. மழை எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்பதுதான் கமக்காரரைக் கொல்கிறது. 2016 கடைசியில் வடகீழ்ப் பருவமழை பொய்த்தது, 2017இல் குளங்கள் வறண்டன. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் குளத்தின் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன.

பருவமழையை நம்பிச் செய்யும் காலபோக நெல்லுக்கு எங்கள் பக்கம் புழுதி விதைப்புத்தான்; மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவோம். முதல் மழைக்கு நெல் முளைத்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று கிழமை வெயில் எரித்தால் விரல் உயரப் பயிர் நுனி கருகி, சுருண்டு போகும். திரும்ப விதைநெல், திரும்ப உழவுக்கூலி, திரும்பக் கடன். ஆண்டு மழைக் கணக்கில் இதெல்லாம் தெரியாது.

கட்டுரையில் குளத்துக்கு மழைநீர் வடிந்து வரும் நீரேந்துப் பகுதி பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய கவலை. வவுனியாப் பக்கமிருந்து வரும் கனகராயன் ஆறுதான் இந்தக் குளத்துக்கு உயிர். மேலே காடு வெட்டுப்பட, ஆற்றில் மணல் அள்ள, கரை இடிந்து, பெருமழை மண்ணையும் சேர்த்தே இழுத்து வருகிறது. குளத்தில் வண்டல் ஏற ஏற, தண்ணீர் ஆழமில்லாமல் பரந்து நிற்கும், கோடையில் கெதியாக ஆவியாகும். குளத்து நீரை நம்பிக் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் சண்டை வராமல் என்ன செய்யும்?

அணைக்கட்டை உயர்த்தியது நல்ல வேலை. ஆனால் மேலே தூர்ந்து கிடக்கும் சிறுகுளங்களைத் திருத்தினால் வெள்ளமும் தணியும், கிணறுகளும் ஊறும். அடுத்த கட்டுரையில் அதை எழுதுங்கள்.